செடிக்குச் சிறுநீரகம் இல்லை: பழையாற்று நீரில் கரையும் மருந்துகளும் குளத்துத் தாவரங்களும்

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின், மனித உடலில் ஏறக்குறைய எந்த மாற்றமும் அடையாமல் வெளியேறும் மருந்துகளில் ஒன்று. நாகர்கோவிலில் ஒரு வீட்டில் காலை உணவோடு விழுங்கப்படும் 500 மில்லிகிராம் மாத்திரை, குடல் உறிஞ்சிய பங்கு சிறுநீரிலும் உறிஞ்சாத பங்கு மலத்திலுமாகப் பிரிந்து, ஓரிரு நாளில் செப்டிக் டேங்கையோ தெருச் சாக்கடையையோ போய்ச் சேர்கிறது. அந்த ஒரு மாத்திரை முழுவதும் ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் கரைந்ததாக வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 50 நானோகிராம் என்ற அளவு வரும். இன்றைய ஆய்வகக் கருவிகளுக்கு இது எட்டாத அளவு அல்ல. இந்த மருந்தை நாள்தோறும் இரண்டு வேளை சாப்பிடுவோர் ஒரே தெருவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நாகர்கோவிலைத் தொட்டு ஓடும் பழையாற்றில் கலக்கும் கழிவுநீர் கண்ணுக்குத் தெரியாமல் எதையெல்லாம் சுமந்து செல்லக்கூடும் என்பது விளங்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலைமையை ஐதராபாத் அருகே உள்ள பட்டன்சேருவின் நிலைமையோடு ஒன்றாகக் கருதக் கூடாது. ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவந்த நீரில், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உலகையே திடுக்கிட வைத்தது. குமரியில் அப்படிப்பட்ட ஆலைத் தொகுப்பு கிடையாது. இங்கே மருந்து வருவது வீடுகளிலிருந்தும், மருத்துவமனைகளிலிருந்தும், ஓரளவு மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் கோழிப் பண்ணைகளிலிருந்தும்தான். அளவு சிறிது, ஆனால் வரத்து நிற்பதில்லை. தண்ணீரில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும் மருந்துகூட, சிதைந்த அளவுக்கு மறுநாளே புதிதாக வந்து சேர்வதால், சிதையாத பொருளைப் போலவே நீரில் நிலைத்து நிற்கிறது. 104 நாடுகளின் 258 ஆறுகளில் 61 மருந்துப் பொருள்களைத் தேடி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நீர் எடுக்கப்பட்ட இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மெட்ஃபார்மினும், வலிப்பு நோய்க்கான கார்பமசெபைனும், காப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபீனும் இருந்தன. இதனை ஏதோ தொலைதூரத் தொழில் நகரங்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது.

இத்தகைய நீரைத் தூய்மையாக்கச் செடிகளே போதும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாகக் கேட்கிறது. குளத்தில் சம்பு என்ற கோரை வளர்ந்தால் நீர் தெளியும், கரையில் வெட்டிவேர் நட்டால் நஞ்சு நீங்கும் என்பவை முற்றிலும் பொய்யல்ல. ஆனால் செடி மருந்தை ‘நீக்குகிறது’ என்று சொல்வதற்கும், செடி மருந்தை வேறொன்றாக மாற்றித் தன்னுள் வைத்துக்கொள்கிறது என்று சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. குமரியின் குளங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது கவனிக்க வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

முதலில், மருந்து செடிக்குள் நுழைவதைப் பார்ப்போம். வேர் எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. அந்த மூலக்கூறு மின்னூட்டம் உடையதா, கொழுப்பில் எந்த அளவுக்குக் கரையும் என்ற இரண்டுமே பெரும்பாலும் அதை முடிவு செய்கின்றன. கார்பமசெபைனுக்கு மின்னூட்டம் இல்லை. கொழுப்பிலும் மிதமாகக் கரையும். ஆகவே அது வேர்ச் செல்களின் சவ்வுகளைத் தடையின்றிக் கடந்து, சைலக் குழாய்களில் ஏறும் நீரோடு சேர்ந்து இலைக்குப் போய்விடுகிறது. நீர் இலையிலிருந்து ஆவியாகிவிட, மருந்து அங்கேயே தங்குகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகிய வலி நிவாரணிகள் மென் அமிலங்கள். குளத்து நீரின் இயல்பான அமில காரத் தன்மையில் அவை எதிர்மின் அயனிகளாக இருப்பதால், உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்ட வேர்ச் செல் அவற்றை எளிதில் உள்ளே விடுவதில்லை; உள்ளே சென்றவற்றிலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுகிறது. மெட்ஃபார்மின் நேர்மின்னூட்டம் உடையது. அது செல் சவ்விலுள்ள கடத்திப் புரதங்களின் வழியாக நுழைகிறது என்று கருதப்படுகிறது. சம்பில் செய்த சோதனையில் இலையைவிட வேரில்தான் மிகுதியாகக் காணப்பட்டது. எனவே ஒரே குளத்தில் ஒரே செடியின் வேரைச் சோதிப்பவருக்கு ஒரு விடையும் இலையைச் சோதிப்பவருக்கு வேறொரு விடையும் கிடைப்பதில் வியப்பில்லை.

உள்ளே வந்த அன்னியப் பொருளைச் செடி கையாளும் விதத்தை ஜெர்மானிய அறிவியலாளர் ஹைன்ரிஷ் சாண்டர்மன் 1990களின் முற்பகுதியில் ‘பச்சைக் கல்லீரல்’ என்ற கருத்தாக வகுத்துரைத்தார். பெயர் கவர்ச்சிக்காக வைத்ததன்று; செடியில் நடக்கும் வேதிவினைகளுக்கும் பாலூட்டிகளின் கல்லீரலில் நடப்பவற்றுக்கும் உள்ள ஒற்றுமை உண்மையிலேயே ஆழமானது. மனிதர் மாத்திரை தயாரிக்கத் தொடங்கியதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே, செடிகள் தாமே உருவாக்கும் நச்சுப் பொருள்களையும், பக்கத்துச் செடிகளும் பூஞ்சைகளும் கசியவிடும் நஞ்சுகளையும் அடக்கி வைக்கப் பழகியிருந்தன. அந்தப் பழைய நொதிகளே களைக்கொல்லிகளையும் எதிர்கொள்கின்றன. மக்காச்சோளம் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தாங்குவதற்கு, அதனைச் செல்லிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி காரணம் என்பது 1970ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. மருந்துகள் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளிகள்.

இந்த வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 வகை நொதிகளும் பெராக்சிடேஸ்களும் மருந்து மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து, வேறொரு பொருளைப் பிணைப்பதற்கு ஏற்ற பிடியை உண்டாக்குகின்றன. இரண்டாம் கட்டத்தில் அந்தப் பிடியில் குளுக்கோஸ், குளுட்டாதயோன், அமினோ அமிலம் போன்ற, செல்லிலேயே கிடைக்கும் ஏதேனும் ஒன்று இணைக்கப்படுகிறது. இணைந்தபின் மூலக்கூறு பெரிதாகி, நீரில் நன்றாகக் கரையும் தன்மை பெற்று, பெரும்பாலும் தன் பழைய செயல்திறனை இழக்கிறது. மூன்றாம் கட்டத்தில் சவ்விலுள்ள கடத்திகள் அதனை வாக்குவோல் எனப்படும் நுண்குமிழுக்குள் தள்ளுகின்றன. அல்லது அது செல்சுவருக்கு உறுதி தரும் லிக்னினோடு பின்னிப் பிணைந்துவிடுகிறது.

டைக்ளோஃபெனாக் இந்த மூன்று கட்டங்களையும் ஒழுங்காகக் கடப்பதைப் பார்லியிலும் குதிரைமுள்ளங்கி வேர் வளர்ப்பிலும் சம்பிலும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முதலில் அது ஹைட்ராக்சி டைக்ளோஃபெனாக் ஆகிறது, பிறகு குளுக்கோஸ் சேர்கிறது. பாராசிட்டமாலுக்கோ முதற்கட்டமே கட்டாயமில்லை. அதன் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதி ஏற்கெனவே இருப்பதால் குளுக்கோஸ் நேராகவே சேர முடிகிறது. அதோடு, பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவரின் கல்லீரலில் உருவாகும் அபாயகரமான இடைப்பொருளைக் குளுட்டாதயோன்தான் பிடித்து அடக்குகிறது என்பது மருத்துவ மாணவர் அனைவருக்கும் தெரிந்த பாடம். நம் தாளிப்புக் கடுகின் செடியைப் பாராசிட்டமால் கலந்த கரைசலில் வளர்த்தபோது, அதே குளுட்டாதயோன் பிணைப்பு அதன் திசுக்களிலும் காணப்பட்டது. மனிதக் கல்லீரலும் கடுகுச் செடியும் ஒரே ஆபத்துக்கு ஒரே மருந்தைக் கையில் எடுக்கின்றன. அளவு கூடும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடுவதும் இரண்டுக்கும் பொதுவே.

ஆனால் மாற்றம் என்பதெல்லாம் நஞ்சு நீக்கம் ஆகிவிடாது. கார்பமசெபைனைச் செடியின் நொதிகள் முதலில் எபாக்சைடு என்ற வடிவத்துக்குக் கொண்டுபோகின்றன. மனித உடலிலும் உருவாகும் இந்த எபாக்சைடு செயலற்ற பொருளன்று; மருந்தின் விளைவும் பக்கவிளைவும் அதற்கும் உண்டு. செடியின் இலையில் மூல மருந்து குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லும் ஆய்வறிக்கை, அதன் இடத்தில் இந்த எபாக்சைடு சேர்ந்திருப்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

செடிக்கு ஏற்படும் பாதிப்பையும் இங்கே பேச வேண்டும். மருந்து என்பது ஏதோ ஓர் உயிரின் ஏதோ ஒரு வேதிவினையைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. அதே வினை செடியிலும் நடந்தால் குறி செடியின் மேலும் விழும். இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகம் என்பது பழங்காலத்தில் ஒரு செல்லுக்குள் குடியேறிய நீலப்பசும் பாக்டீரியாவின் வழித்தோன்றல். புரதம் செய்யும் அதன் ரைபோசோம்கள் இன்றும் பாக்டீரிய வகையைச் சேர்ந்தவை. ஆகவே பாக்டீரியாவின் புரத உற்பத்தியை நிறுத்தும் டெட்ராசைக்ளின் பசுங்கணிகத்தின் புரத உற்பத்தியையும் தடுக்கக்கூடியது. சிப்ரோஃப்ளாக்சசின் தாக்கும் டிஎன்ஏ கைரேஸ் நொதியும் பசுங்கணிகத்தில் உண்டு. சல்ஃபமெத்தாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகள், பாக்டீரியாவைப் போலவே தனக்கு வேண்டிய ஃபோலேட் என்ற வைட்டமினைத் தானே தயாரிக்கும் செடியின் அந்த உற்பத்தியைக் கெடுக்கின்றன. குளத்து நீரின் மேல் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் லெம்னா என்ற சிறு செடி இதற்கு நன்றாகவே எதிர்வினை காட்டுகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் தடுக்கும் நொதிகூடச் செடிகளுக்கு ஸ்டெரால் செய்வதற்குத் தேவையானதே.

இவை தவிர, பல மருந்துகளுக்கும் செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் நஞ்சுகள் பெருகுவது பொதுவான எதிர்வினை. செடி கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் முதலிய நொதிகளைக் கூட்டி அதைச் சமாளிக்கிறது. சமாளிக்க முடியாதபோது வேர் குட்டையாகி இலை மஞ்சள் பூக்கிறது. ஆய்வகங்களில் இவ்விளைவுகள் பெரும்பாலும் லிட்டருக்கு மில்லிகிராம் அளவில் மருந்து கொடுத்துப் பெறப்பட்டவை என்பதையும், ஆறுகளில் சாதாரணமாக இருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தேரூர்க் குளத்துத் தாமரை இலை மஞ்சளாகிவிட்டால் மருந்துதான் காரணம் என்று யாரும் முடிவு கட்டத் தேவையில்லை.

இனி, பச்சைக் கல்லீரல் என்ற உவமை எங்கே முறிகிறது என்பதற்கு வருவோம். மனிதக் கல்லீரல் பிணைத்து அனுப்பியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. செடிக்குச் சிறுநீரகம் இல்லை. கழிவை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் எல்லாவற்றையும் பின்கட்டு அறையில் அடுக்கிப் பூட்டிவைக்கும் வீட்டைப் போன்றது அதன் நிலை. நுண்குமிழும் செல்சுவரும்தான் அந்த அறைகள். செல்சுவரில் பிணைந்தது ஏறக்குறைய நிலையாகவே தங்கிவிடும். நுண்குமிழில் குளுக்கோஸோடு சேர்ந்து கிடப்பது அப்படியன்று; பொருத்தமான நொதி கிடைத்தால் குளுக்கோஸ் கழன்று மூல மருந்து மீண்டும் தலைகாட்டலாம். செடியின் செல்லிலேயே இது நடக்கலாம். இலை அழுகும்போது நுண்ணுயிர்கள் அதைச் செய்யலாம். அந்த இலையைத் தின்ற உயிரின் குடலிலும் நடக்கலாம்.

ஆகவேதான் குளத்தை அடைத்து வளரும் ஆகாயத்தாமரையைப் பற்றிய பேச்சு எனக்கு எப்போதும் அரைகுறையாகத் தோன்றுகிறது. அது கன உலோகங்களையும் சில மருந்துகளையும் உறிஞ்சுவது உண்மை. ஆனால் வாரி எடுத்த செடியைக் கரையிலேயே குவித்துவைத்தால், மழை பெய்ததும் அழுகல் சாறு திரும்பக் குளத்துக்குள்தான் இறங்கும். இன்னொன்றும் உண்டு. டைக்ளோஃபெனாக் சூரிய ஒளியில் விரைவாகச் சிதைவது. சுவிட்சர்லாந்தின் கிரைஃபன் ஏரியில் அதன் பெரும்பகுதி மறைவதற்கு வெயிலே காரணம் என்று 1998ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. குமரியின் வெயில் அதைவிடக் கடுமையானது. அந்த வெயிலை நீருக்குள் விடாமல் மேற்பரப்பை முழுவதும் மூடும் செடி, தான் உறிஞ்சும் சிறு அளவுக்காக இலவசமாக நடக்கும் பெரிய வேலையைத் தடுத்துவிடுகிறது.

நீரில் நட்டு நிற்கும் சம்பும் நாணலும் இதிலிருந்து வேறுபட்டவை. அவற்றின் தண்டுக்குள் உள்ள காற்றறைகள் மேலிருந்து ஆக்சிஜனை வேருக்கு இறக்குகின்றன. அதில் கொஞ்சம் வேரைச் சுற்றியுள்ள சேற்றிலும் கசிகிறது. வேர் சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் கசியவிடுகிறது. மூச்சுமுட்டும் கருஞ்சேற்றுக்கு நடுவே இப்படி உருவாகும் மெல்லிய ஆக்சிஜன் வளையத்தில் பாக்டீரியாக்கள் கூட்டமாகத் தங்கி, ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால், காஃபீன் போன்ற எளிதில் சிதைபவற்றைத் தின்றுவிடுகின்றன. செயற்கைச் சதுப்புப் படுகைகளில் இந்த மருந்துகள் குறைவதற்குச் செடியின் திசுக்களைவிட இந்த நுண்ணுயிர்களே பெரும்பாலும் முதன்மைக் காரணம். செடி அங்கே உழைப்பாளி என்பதைவிட விடுதி நடத்துபவர் என்பதே பொருந்தும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு சாகுபடிப் பருவங்களிலும் நீர் நிறுத்திய வயலில் நிற்கும் நெல்லும் இதே வகையில் வேரைச் சுற்றி ஆக்சிஜனைக் கசியவிடும் பயிர்தான். நாஞ்சில் நாட்டு வயல்வெளி, வாய்க்கால் நீர் ஆற்றுக்குத் திரும்புவதற்கு முன் கடந்துவரும் ஒரு பெரிய வடிகட்டியாகவும் இருந்து வந்திருக்கிறது. அந்த வயல்கள் வீட்டுமனைகளாக மாறும்போது நெல் மட்டும் குறைவதில்லை. கார்பமசெபைன் மட்டும் இந்த நுண்ணுயிர்களுக்கும் எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களையும் அது பெரும்பாலும் குறையாமல் தாண்டிவிடுகிறது.

உணவைப் பற்றிய அச்சத்துக்கு அளவு தெரிந்த பதில் உண்டு. இஸ்ரேலில் சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த காய்கறிகளை உண்டவர்களின் சிறுநீரில் கார்பமசெபைன் கூடியதை 2016இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. அளவு மருத்துவ அளவைவிடப் பன்மடங்கு குறைவுதான். ஆயினும் பாதை திறந்திருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. தக்காளி, வெள்ளரி போன்றவற்றில் கார்பமசெபைன் கனியைவிட இலையில் மிகுதியாகச் சேர்கிறது, ஏனென்றால் நீர் ஆவியாவது இலையில்தான். இந்தக் கணக்கின்படி, சாக்கடை கலக்கும் ஓடையோரத்தில் வளரும் வள்ளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும், அதே நீரில் விளையும் நெல்மணியையும் ஏத்தன் வாழைக் குலையையும்விட முன்னதாகக் கவனிக்கப்பட வேண்டியவை. தோவாளைச் சந்தைக்குப் போகும் தாமரைப்பூ உண்ணப்படுவதில்லை. தாமரைக் கிழங்கு உண்ணப்படுகிறது, அது சேற்றிலேயே இருப்பது.

மாவட்டத்தின் நீரமைப்பு, செடிகளைக் கொண்டு மருந்தைக் குறைக்கும் வேலைக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் இருக்கிறது. மலையில் பிறக்கும் பழையாறு நாகர்கோவிலைத் தொட்டு, சுசீந்திரம் வழியாக மணக்குடிக் கழிமுகத்தில் அரபிக் கடலை அடைகிறது, தூரம் குறைவு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையிலும் வெள்ளம் வேகமாக ஓடும்போது எந்தச் செடிக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்காது. ஆனால் அப்போது மருந்தும் நீர்த்துப்போகிறது. கோடையில் ஆறு மெலிந்து சாக்கடையின் பங்கு கூடும்போதுதான் செறிவு உயர்கிறது, நீரும் மெதுவாக நகர்கிறது. செடிக்கு நேரம் கிடைப்பதும் அப்போதுதான். ஆகவே சம்போ நாணலோ கல்வாழையோ வெட்டிவேரோ நட்ட சரளைப் படுகைகள் அமைய வேண்டிய இடம் ஆறு அன்று, சாக்கடைகள் ஆற்றில் சேரும் முனைகள். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பதிலாக அல்ல, அதற்குப் பின்னால் கடைசிப் படியாக. வெட்டிவேர் டெட்ராசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசினையும் கரைசலிலிருந்து எடுப்பது சோதனைகளில் தெரிந்ததே. ஆயினும் மருத்துவமனைக் கழிவுநீரை நேராகச் செடிப் படுகைக்கு விடுவதை நான் ஏற்கமாட்டேன். ஆன்டிபயாட்டிக்கும் அடர்ந்த பாக்டீரியக் கூட்டமும் ஒரே இடத்தில் நெடுநாள் கூடியிருப்பது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் தம் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்ள வாய்ப்பளிக்கும். அந்நீரை உருவாகும் இடத்திலேயே தனியாகச் சுத்திகரிக்க வேண்டும்.

அறுவடையும் திட்டத்தின் பகுதியாக வேண்டும். இலையில் சேர்ந்த கார்பமசெபைன் போன்றவற்றைக் குளத்துக்கு வெளியே கொண்டுபோக ஒரே வழி, சம்பின் மேற்பகுதி காய்ந்து நீரில் சாய்வதற்கு முன் வெட்டி எடுப்பது. வெட்டியதை மாட்டுக்குப் போடக் கூடாது. கீரைப் பாத்திக்கு மூடாக்காகவும் இடக் கூடாது. வேரில் சேர்ந்தது அங்கேயே நிற்கும் என்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படுகையையே கிளறிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். செலவுப் பட்டியலில் இதைச் சேர்க்காத எந்தத் திட்டமும் முதல் சில ஆண்டுகள் மட்டும் நல்ல எண்களைக் காட்டும்.

சுசீந்திரம் – தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே பறவைகளைக் கணக்கெடுப்பதைப் போல மருந்தையும் ஒழுங்காக அளக்க வேண்டுமென்றால், மாதிரி எடுக்கும் முறையே மேற்சொன்ன வேதியியலைப் பின்பற்ற வேண்டும். நீரோடு சேறும், செடியின் வேரும் இலையும் தனித்தனியாக எடுக்கப்பட வேண்டும். மழைக்காலத்தில் ஒன்றும் மாசி பங்குனியில் ஒன்றுமாகவேனும் எடுக்க வேண்டும். கார்பமசெபைனைத் தேடும்போது அதன் எபாக்சைடையும், டைக்ளோஃபெனாக்கைத் தேடும்போது அதன் ஹைட்ராக்சி வடிவத்தையும், மெட்ஃபார்மினைத் தேடும்போது கழிவுநீரில் அது சிதைந்து உருவாகும் குவானைல்யூரியாவையும் சேர்த்துத் தேட வேண்டும். செடித் திசுவின் சாற்றில் ஒரு பகுதியை அப்படியே அளந்து, இன்னொரு பகுதியில் குளுக்கோஸ் பிணைப்பை நொதியால் அறுத்தபின் அளக்க வேண்டும். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் செடி குளுக்கோஸோடு பிணைத்துப் பூட்டிவைத்திருக்கும் மருந்தின் அளவு.